தாகமே எடுக்கலையே! மலையில் இருக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு தண்ணீர்க் கணக்கு

கோத்தகிரியில் டிசம்பர் மாதம் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் குடிப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. சொம்பைத் தொட்டாலே விரல் விறைக்கும். எனக்கு அப்போது எட்டாம் மாதம். காலையில் எழுந்ததும் ஒரு டீ, பதினோரு மணிக்கு ஒரு டீ, மத்தியானம் சோற்றோடு அரை டம்ளர் வெந்நீர், நாலு மணிக்கு மறுபடி டீ. என் ஒரு நாள் கணக்கு அவ்வளவுதான். அதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் தாகமே எடுக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் நீர்க்கடுப்பு வந்து, கூடவே லேசாகக் காய்ச்சலும் சேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிக்கறே?" நர்ஸம்மா முதலில் கேட்டது இதுதான்.

"தாகம் எடுத்தா குடிப்பேங்க்கா."

"இந்தக் குளிருல தாகம் எங்கம்மா எடுக்கும்? தாகத்தை நம்பாதே. ஒண்ணுக்குப் போறது என்ன நிறத்துல இருக்குன்னு பாரு."

எனக்குப் பிரசவம் முடிந்து, பிள்ளைக்கு வயது ஒன்று தாண்டிய பிறகும் அந்தப் பேச்சு மறக்கவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் சரி, பால் கொடுக்கும்போதும் சரி, உள்ளே போன தண்ணீர் போதுமா என்று தெரிந்துகொள்ள வெளியே வருவதைப் பார்ப்பதுதான் வழி. கைக்குழந்தைக்கும் அதே கணக்குத்தான். பெரியவர்களுக்கு நிறம், பிள்ளைக்கு எண்ணிக்கை, வித்தியாசம் அவ்வளவுதான்.

முதலில், குளிரில் தாகம் ஏன் மந்தமாகிறது? குளிர் பட்டதும் தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், சூட்டைக் காப்பாற்ற. அந்த ரத்தமெல்லாம் உடம்பின் நடுப்பகுதிக்கு ஒதுங்கும். உள்ளே ரத்தம் நிறைந்து இருப்பதைப் பார்த்து உடம்பு "தண்ணீர் தாராளமாக இருக்கிறது" என்று தப்புக் கணக்குப் போட்டுவிடும். தாகம் அடங்கும், சிறுநீரகம் கொஞ்சம் கூடுதலாகவே வெளியே தள்ளும். மலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் மூச்சு கொஞ்சம் வேகமாகப் போகும், கர்ப்பத்தில் ஹார்மோன் காரணமாக மூச்சு இன்னும் ஆழமாகும். காலையில் பேசும்போது வாயிலிருந்து புகை மாதிரி வருகிறதே, அது உங்கள் உடம்புத் தண்ணீர்தான். வியர்வை தெரிந்தால் குடிக்கத் தோன்றும். ஸ்வெட்டருக்குள் வியர்த்து அங்கேயே காய்ந்து போவது யாருக்குத் தெரியும்?

இந்தப் பக்கம் தண்ணீரின் தேவையோ ஏறிக்கொண்டே போகிறது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும், அதில் பெரும்பங்கு நீர்ப்பகுதி. சிறுநீரகம் வடிகட்டும் வேலை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். நஞ்சுக்கொடி, பனிக்குடம், பெரிதாகும் மார்பு, பிள்ளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மாதம் நிறையும்போது ஒரு பெண்ணின் உடம்பில் ஆறு முதல் எட்டு லிட்டர் வரை கூடுதலாகத் தண்ணீர் இருக்கும். ஒரு சின்னக் குடம்! ஏறிய எடையில் பாதிக்கும் மேல் தண்ணீர்தான்.

பனிக்குட நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கர்ப்பத்தின் பிற்பாதியில் அதில் பெரும்பகுதி பிள்ளையின் சிறுநீர்தான். பிள்ளை அதையே விழுங்கும், மறுபடி வெளியே விடும், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். எட்டாம் மாத வாக்கில் அது சுமார் 800 மில்லி இருக்கும், அப்புறம் மெல்லக் குறையும். ஸ்கேனில் "நீர் குறைவு" என்று எழுதினால் வீட்டில் எல்லோரும் இளநீரைத் தேடி ஓடுவார்கள். தாய் தண்ணீர் சேர்த்துக் குடித்தால் அந்த நீர் ஓரளவு கூடும் என்பது உண்மை. ஆனால் நீர் குறைவதற்கு நஞ்சுக்கொடியின் வேலை மந்தமாவது, பனிக்குடம் எங்கோ கசிவது என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாமல், டாக்டர் சொன்ன நாளில் மறு ஸ்கேனுக்குப் போக வேண்டும். உடை நனைந்துகொண்டே இருக்கிறது, அது சிறுநீரா பனிக்குட நீரா என்று பிடிபடவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

சரி, குடிக்காமல் இருப்பதற்குத் தாகம் இல்லாதது மட்டும்தான் காரணமா? இல்லை. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லைன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அக்கா ஒருத்தர் ஏழு மாதம் வரை கொழுந்து பறிக்கப் போனார். முதுகில் கூடை, இடுப்பில் பிளாஸ்டிக் படுதா. காலையில் வேலைக்குப் போகுமுன் குடிக்கும் டீயையும் பாதியில் வைத்துவிடுவார். "குடிச்சா போகணும். போனா எங்க போறது?" என்பார். தோட்டத்தில் கழிப்பிடம் கிடையாது. புதருக்குள் ஒதுங்கினால் அட்டை, தேயிலைச் சரிவில் காட்டெருமை, மேலே ரோட்டில் ஆள் நடமாட்டம். மத்தியானம் எடை போட்டு முடியும் வரை அடக்கி வைத்திருப்பார். இவருக்கு "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று அறிவுரை சொன்னால் அது எங்கே போய்ச் சேரும்? பிள்ளைத்தாச்சிப் பெண் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் அவள் ஒதுங்குவதற்கு ஒரு இடம் வேண்டும். வீட்டு ஆண்களும் மேஸ்திரியும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அடக்குவதும் குடிக்காததும் சேர்ந்தால் என்னைப் போல நீர்க்கடுப்பு வரலாம். கர்ப்பத்தில் ஹார்மோனால் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்துபோகும், கர்ப்பப்பை வேறு மேலே அழுத்தும், அதனால் சிறுநீர் தேங்கும், கிருமிக்கு வசதியாகிவிடும். சில பேருக்கு எரிச்சலே இல்லாமல் கிருமி இருக்கும், அதனால்தான் ஒவ்வொரு தடவையும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை ஏறும், பிரசவ வலியை முன்னாடியே கிளப்பியும் விடும். "தண்ணி குடிச்சா சரியாப் போயிடும்" என்று கர்ப்பத்தில் இருக்கக் கூடாது, மருந்து வேண்டும்.

எவ்வளவு குடிக்க வேண்டும்? ஐரோப்பியக் கணக்குப்படி கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 2.3 லிட்டர், பால் கொடுப்பவருக்கு 2.7 லிட்டர். அமெரிக்கக் கணக்குப்படி 3 லிட்டர், 3.8 லிட்டர். இரண்டும் ஒத்துப்போகவில்லை, பாருங்கள். இரண்டிலுமே சோறு, குழம்பு, பழம், காய் எல்லாவற்றிலும் இருக்கும் நீரும் சேர்த்தி, சாப்பாட்டிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வந்துவிடும். அதனால் நம்பரைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். 200 மில்லி டம்ளரில், கர்ப்பத்தில் ஒன்பது பத்து, பால் கொடுக்கும்போது பதினொன்று பன்னிரண்டு என்று ஆரம்பித்து, மற்றதைச் சிறுநீரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விட்ட தண்ணீர் மாதிரி வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டால் அப்போதே ரெண்டு டம்ளர். ஒரு எச்சரிக்கை, சத்து மாத்திரையில் பி வைட்டமின் இருந்தால் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகத்தான் போகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதே போல், பயந்துகொண்டு ஐந்தாறு லிட்டர் ஊற்றுவதும் தப்பு, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். இதயம், சிறுநீரகம் சம்பந்தப்பட்ட தொந்தரவு இருப்பவர்கள் டாக்டர் சொன்ன அளவில்தான் குடிக்க வேண்டும்.

குளிர்ந்த தண்ணீர் இறங்கவில்லையா, வெந்நீர் குடியுங்கள். நான் செய்தது இதுதான், ஒரு லிட்டர் பிளாஸ்க்கைக் காலையில் நிரப்பி கட்டில் பக்கத்தில் வைத்துவிடுவேன், மத்தியானத்துக்குள் அது காலியாக வேண்டும், மறுபடி நிரப்பினால் ராத்திரிக்குள். ரசம், கஞ்சி, மோர், சூப் எல்லாம் கணக்கில் சேரும். ஊட்டிக் காரட், முள்ளங்கி, சௌசௌ, டர்னிப் எல்லாமே பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான்.

டீ? மலையில் இருந்துகொண்டு டீ குடிக்காதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? டீயும் தண்ணீர்க் கணக்கில் சேரும், குடித்ததையெல்லாம் அது வெளியே இழுத்துவிடும் என்பது மிகைப்படுத்தல். ஒரு சின்ன டம்ளர் டீயில் 30 முதல் 50 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கும். கர்ப்பத்தில் நாள் ஒன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பதால் மூன்று டம்ளரோடு நிறுத்திக்கொள்ளலாம். டீயில் நிஜமான பிரச்சினை வேறு. அதிலுள்ள துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்டு, இரும்புச்சத்து மாத்திரை போட்டு, உடனே டீ குடித்தால் மாத்திரை பாதி வீண். ஒரு மணி நேரமாவது, முடிந்தால் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாத்திரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சை ஜூஸோ சேர்ந்தால் நல்லது.

மசக்கை வாந்தியில் ஒரு டம்ளரை மடமடவென்று குடித்தால் அப்படியே திரும்பி வரும். பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் என்று குடியுங்கள். ஸ்கேனுக்காக மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் இறங்கும்போது வளைவுகளுக்குப் பயந்து காலையிலிருந்து எதுவும் குடிக்காமல் வண்டி ஏறுபவர்கள் உண்டு. வெறும் வயிற்றில்தான் குமட்டல் அதிகம், அது தவிர இறங்கியதும் கீழே வெயில் வேறு. ஒரு முழு நாள் எதுவுமே வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் கறுத்துக் குறைந்துவிட்டது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் டிரிப்ஸ் ஏற்ற வேண்டி வரும், வீட்டில் இருக்க வேண்டாம்.

கால் வீங்கினால் "தண்ணி கோத்துக்கிச்சு, தண்ணியைக் குறை" என்பார்கள். தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் வடியாது. சாயங்காலம் பாதத்தில் வந்து, காலை உயர்த்திப் படுத்தால் குறையும் வீக்கம் பெரும்பாலும் சாதாரணம். முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி, இவை ரத்தக் கொதிப்பின் அறிகுறிகள். இரவு என்றும் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளை பிறந்ததும் அடுத்த கூத்து ஆரம்பிக்கும். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் இருந்தது. என் அத்தை நல்ல மனுஷி, பூண்டுக் குழம்பும் கருவாடும் பார்த்துப் பார்த்து வைப்பார், ஆனால் தண்ணீர் என்றால் மட்டும் அரை டம்ளர். "வயிறு ஊதிடும் கண்ணு, பிள்ளைக்குச் சளி பிடிக்கும்." சூடாகக் குடி என்று சொன்னதில் தப்பே இல்லை, இந்தக் குளிருக்கு அதுதான் சரி. குறைத்துக் குடி என்றதுதான் தப்பு. தாய் குடிக்கும் தண்ணீர் எந்தச் சூட்டில் இருந்தாலும் பால் உடம்புச் சூட்டில்தான் வரும். வயிறு தளர்ந்திருப்பது கர்ப்பப்பை சுருங்க ஆறு வாரம் ஆவதால்.

பிரசவமான முதல் வாரத்தில் உடம்பு சேர்த்து வைத்த நீரையெல்லாம் இறக்கிவிடும், ராத்திரி நைட்டி நனைகிற அளவுக்கு வியர்க்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும். அது முடிவதற்குள் பால் சுரப்பு கூடிவிடும். நன்றாகப் பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கு 700, 800 மில்லி பால் சுரக்கும், அதில் 87 சதவீதம் தண்ணீர். பால் இறங்கும்போது தொண்டை திடீரென்று வறளும், கவனித்திருக்கிறீர்களா? பாலை இறக்கும் ஹார்மோன் சுரக்கும் அதே நேரத்தில் தாகமும் கிளம்புகிறது. பிள்ளை மடியில், பிளாஸ்க் அடுப்படியில் என்றால் என்ன செய்வீர்கள்? உட்காருவதற்கு முன்பே ஒரு டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

தாய் கொஞ்சம் குறைவாகக் குடித்ததும் பால் வற்றிவிடாது. உடம்பு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தான் காயும். தலைவலி, மலச்சிக்கல், தையல் போட்ட இடத்தில் உயிர் போகிற வலி என்று அந்தக் கஷ்டம் முதலில் தாய்க்குத்தான். அதே மாதிரி, குடம் குடமாகக் குடித்தால் பால் பெருகும் என்பதும் இல்லை. பால் பெருக ஒரே வழி, பிள்ளை அடிக்கடி சப்பிக் குடிப்பது.

இனி பிள்ளை. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். ஒரு ஸ்பூன்கூட. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். சுள்ளென்று வெயில் அடிக்கும் ஊர்களிலேயே தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீர் தேவைப்படுவதில்லை என்னும்போது, நீலகிரிப் பனியில் எதற்கு? பிறந்த குழந்தையின் சிறுநீரகம் அதிகத் தண்ணீரைச் சட்டென்று வெளியேற்றத் தெரியாத பருவத்தில் இருக்கிறது. தண்ணீர் போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்து, மோசமானால் வலிப்பு வரை போகும். அந்தக் குட்டி வயிறு தண்ணீரால் நிறைந்தால் பாலுக்கு இடம் ஏது? பவுடர் பாலை நீர்க்கக் கலக்கினாலும் இதே ஆபத்துத்தான், டப்பாவில் போட்ட அளவை மாற்றக் கூடாது. தேனுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, ஒரு வயது வரை தொடவே கூடாது.

முதல் ரெண்டு நாள் சீம்பால் சில ஸ்பூன்தான் வரும், "பால் இல்லை" என்று பதறுவார்கள். பிள்ளை கையிருப்போடுதான் பிறக்கிறது, அதன் உடம்பில் முக்கால் பங்கு தண்ணீர். முதல் நாட்களில் எடை கொஞ்சம் இறங்கும், பத்துப் பதினாலு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பும். பத்து சதவீதத்தைத் தொட்டால் டாக்டர் பார்க்க வேண்டும், மூன்று கிலோ பிள்ளைக்கு 300 கிராம்.

இங்கேதான் எண்ணிக்கை. முதல் நாள் ஒரு ஈரத்துணி, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று, ஐந்தாம் நாளிலிருந்து ஆறு அல்லது அதற்கு மேல். முதல் ரெண்டு மூன்று நாள் துணியில் செங்கல் பொடி மாதிரி கறை தெரியலாம், நாலைந்து நாள் கழித்தும் அது வந்தால் பால் போதவில்லை என்று அர்த்தம்.

எண்ணுவது சுலபம் என்று நினைக்காதீர்கள், மலையில் அது பெரும்பாடு. மழையும் மேகமும் இறங்கிவிட்டால் துணி மூன்று நாளானாலும் காயாது. எங்கள் வீட்டில் விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டி வேட்டித் துணிகளைக் கிழித்துப் போட்டிருந்தார் அத்தை, வீடு முழுக்கப் புகையும் சோப்பும் கலந்த ஒரு வாசனை. அதற்குமேல் முடியாமல் டயாபருக்குப் போனோம், அப்புறம்தான் தெரிந்தது, டயாபர் ஈரத்தைக் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்! ஒரு வழி இருக்கிறது. புது டயாபரில் மூன்று மேஜைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரு ஈரம் என்றால் அந்தக் கனம். துணி காய வைக்கவோ பிள்ளைக்குச் சூடு காட்டவோ மூடிய அறையில் கரிச்சட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள், அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் வரும் நச்சு வாயு ஆளையே கொன்றுவிடும். சூட்டுக்குத் தாயின் வெற்று மார்போடு பிள்ளையை அணைத்து மேலே போர்த்திக்கொள்வதைப் போல எதுவும் இல்லை.

போர்த்துவதிலும் அளவு வேண்டும். ரெண்டு ஸ்வெட்டர், குல்லா, மேலே கம்பளி, பக்கத்தில் ஹீட்டர் என்று சுற்றிவிட்டால் பிள்ளை உள்ளே வியர்த்து, அசந்து தூங்கி, பால் குடிக்கவே எழாது. கழுத்துக்குப் பின்னால் கை வைத்துப் பாருங்கள், ஈரமாகச் சுட்டால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். பிறந்த புதிதில் ரெண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பியாவது பால் கொடுக்க வேண்டும். பால் குறைந்தால் மஞ்சள் காமாலையும் கூடும், மலம் போனால்தானே மஞ்சள் வெளியேறும். இளவெயிலில் காட்டுவதை வைத்தியம் என்று நம்ப வேண்டாம். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ ஆஸ்பத்திரி.

உச்சிக்குழி அமுங்கியிருப்பது, வாய் ஒட்டிக் காய்ந்திருப்பது, ஆறு எட்டு மணி நேரமாகத் துணி நனையாதது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, பால் குடிக்க மறுப்பது, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலே கிளம்புங்கள். ரெண்டு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தாலும், உடம்பு சில்லிட்டாலும் அப்படித்தான். கண்ணீர் வரவில்லையே என்று பார்க்க வேண்டாம், பிறந்த சில வாரங்களுக்கு எந்தப் பிள்ளைக்கும் கண்ணீர் வராது. வயிற்றால் போனால் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது என்றால் முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், பாதிப் பாக்கெட் பாதித் தண்ணீர் என்று கண்ணளவில் போடக் கூடாது. சின்னக் குழந்தைக்கு எவ்வளவு என்று நர்ஸிடமோ டாக்டரிடமோ கேட்டுக் கொடுங்கள், கூடவே துத்தநாக மாத்திரையும் தருவார்கள்.

ஆறு மாதம் முடிந்து கூழ் ஆரம்பிக்கும்போது தண்ணீரும் ஆரம்பிக்கலாம், சாப்பாட்டோடு ரெண்டு மூன்று வாய். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாது, 92, 93-லேயே கொதித்துவிடும், பருப்பு வேகாமல் நாம் குக்கரோடு மல்லுக்கட்டுவது அதனால்தான். கிருமி சாக அந்தச் சூடு போதும். ஆனால் குமிழி வந்ததுமே இறக்காமல், தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள்.

என் மகளுக்கு முதல் ஸ்பூன் தண்ணீரைக் கொடுத்தது அத்தைதான். இத்தனை மாதம் காத்திருந்தவர் ஆயிற்றே. மகள் முகத்தைச் சுளித்து, நாக்கால் வெளியே தள்ளி, அத்தையின் புடவையில் பாதியைக் கொட்டிவிட்டு, என் பக்கம் திரும்பிப் பாலுக்குக் கை நீட்டினாள்.